மலையக ஏடுகள் – 9: எழுதிய கையும் எழுதப்பட்ட ஆளும்

சென்ற பகுதியைத் தகரத் துண்டோடு நிறுத்தினோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரவில்லை ஒன்றைக் கழுத்தில் கட்டித் தமிழகத்திலிருந்து இலங்கையின் கண்டிச் சீமைக்கு ஆட்களை அனுப்பினார்கள். வந்து சேர்ந்தவரைத் தோட்டம் தன் ஏட்டில் பதிந்துகொண்டது. அதன்பின் அவர் எத்தனை நாள் பிரட்டுக்கு (காலை ஆட்கணக்கெடுப்புக்கு) நின்றார், எத்தனை இறாத்தல் கொழுந்து எடுத்தார், எந்த நாள் முழுப் பேர் (முழுநாள் கூலி), எந்த நாள் அரைப் பேர், முன்பணம் எவ்வளவு, அரிசிக் கணக்கில் பிடித்தது எவ்வளவு என்று எல்லாம் அந்த ஏட்டில் ஏறின. ஏடு முழுக்க அவரைப் பற்றியது. அதைத் திறந்து பார்க்கவோ, பிழை இருந்தால் திருத்தச் சொல்லவோ, ஒரு பிரதி கேட்கவோ அவருக்கு வழியிருக்கவில்லை. ஓர் ஆளைப் பற்றி இன்னொருவர் எழுதி வைத்திருக்கும் ஏட்டின் மீது அந்த ஆளுக்கு என்ன உரிமை? உலகச் சட்டம் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்கத் தொடங்கியது 1970இல், ஜேர்மனியின் ஹெஸன் மாநிலத்தில். அதற்கு விரிவான பதிலைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர் ஸ்பிரோஸ் சிமிட்டிஸ். தொழிற் சட்டப் பேராசிரியரான அவருடைய பார்வையை வைத்துப் படித்தால்தான் மலையகத்தின் ஆவண வரலாறு தெளிவாகிறது என்பதும், இலங்கையின் 2022ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தோட்டங்களில் ஒரு தொழிற் சட்டமாகவே வாசிக்க வேண்டும் என்பதும் இந்தப் பகுதியின் வாதம்.

சிமிட்டிஸ் 1934இல் ஏதென்ஸில் பிறந்தார். ஜேர்மன் இராணுவம் கிரேக்கத்தை ஆக்கிரமித்திருந்த ஆண்டுகளில் வளர்ந்த அவர், இளைஞராகச் சட்டம் படிக்க அதே ஜேர்மனிக்குச் சென்றார். மார்புர்க் பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னர் பிராங்க்பர்ட்டில் தொழிற் சட்டமும் குடியியற் சட்டமும் கற்பிக்கும் பேராசிரியரானார். அவருடைய தம்பி கொஸ்டாஸ் 1996 முதல் 2004 வரை கிரேக்கத்தின் பிரதமராக இருந்தார் என்பதால் குடும்பப் பெயர் அரசியலில்தான் அதிகம் அறியப்பட்டது. சட்ட உலகில் அந்தப் பெயர் அண்ணனுடையது. ஹெஸன் மாநிலம் 1970இல் இயற்றிய சட்டமே உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அரச அலுவலகங்களில் கணினிகள் நுழைந்த காலம் அது. குடிமக்களின் விவரங்கள் ஒரே இடத்தில் குவியும்போது அதிகாரமும் ஒரே இடத்தில் குவியும் என்ற கவலையிலிருந்து அந்தச் சட்டம் பிறந்தது. 1975 முதல் 1991 வரை பதினாறு ஆண்டுகள் அந்த மாநிலத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையாளராகச் சிமிட்டிஸ் பணியாற்றினார். வகுப்பறையில் சொன்னதை அலுவலகக் கோப்புகளில் உரசிப் பார்க்கும் வாய்ப்பு அதனால் அவருக்குக் கிடைத்தது. 2023இல் காலமாகும் வரை ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விவாதங்களில் அவர் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது.

அவருக்கு முன்பே இத்துறையில் ஒரு சிந்தனை மரபு இருந்தது. 1890இல் அமெரிக்கச் சட்டத்தரணிகள் வாரனும் பிராண்டைஸும் எழுதிய கட்டுரை, ஒருவர் தன்பாட்டில் இருக்க விடப்படும் உரிமையைப் பேசியது. பத்திரிகைக்காரர்களும் புகைப்படக்காரர்களும் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது அந்தக் கட்டுரையின் கவலை. மதில் கட்டிய வீடு உள்ளவர்களின் கவலை என்று அதைச் சொன்னால் தவறாகாது. சிமிட்டிஸ் வேறு இடத்திலிருந்து தொடங்கினார். தொழிற்சாலையில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவில் இரகசியம் முதல் பிரச்சினையாக இருப்பதில்லை. யார் எழுதுகிறார், எழுதியதை வைத்து யார் முடிவெடுக்கிறார் என்பதுதான் பிரச்சினை. 1987இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்ட இதழில் வெளியான அவரது புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் இதுவே. தகவல் திரட்டுவது தனிமனிதரின் அந்தரங்கத்தைத் தொடும் விடயமாக மட்டும் நின்றுவிடுவதில்லை, மக்களின் நடத்தையை ஒழுங்குபடுத்தும் கருவியாகிறது, எனவே அது ஜனநாயகத்தில் பங்கேற்கும் ஆற்றலையே பாதிக்கிறது என்றார். சம்மதம் என்பதையும் அவர் ஐயத்தோடே பார்த்தார். வேலை தருபவர் நீட்டும் தாளில் வேலை தேவைப்படுபவர் கையொப்பமிடுவதைச் சுதந்திரமான ஒப்புதல் என்று சொல்லும் சட்டம் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிறது. கைநாட்டு வைத்துப் பழகிய லயத்து மக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கண்ணோட்டத்தோடு தோட்டத்து ஏடுகளுக்கு வருவோம். ஏடுகள் பல. கங்காணியும் அவர் அழைத்து வந்த கூட்டமும் பட்ட கடன் இவ்வளவு, அதைக் கட்டுபவரிடம் இவர்களை விடுகிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு ‘துண்டு’. அந்தக் காகிதம் கைமாறினால் ஆட்களும் கைமாறினார்கள். 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. தோட்டத்தை விட்டு விலகுபவருக்குத் தரும் பற்றுச்சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிவது கடினம். ஆகவே ஒருவர் நகர்வதும் நகராததும் துரையின் பேனாவைப் பொறுத்தது. நாளாந்தம் நிரப்பிய செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு கூலியின் ஒரே சாட்சி. கணக்கப்பிள்ளை எழுத, அலுவலகம் ஆங்கிலத்தில் பேண, தமிழ் மட்டும் தெரிந்தவர், அதையும் எழுதப் படிக்கத் தெரியாதவர், மாதக் கடைசியில் கையில் விழுந்ததை வாங்கிக்கொண்டார். தோட்டத்தில் நடந்த பிறப்பையும் இறப்பையும் பதிவாளருக்கு அறிவிக்கும் பொறுப்பும் தோட்ட நிர்வாகத்திடமே இருந்தது. கூலி, நகர்வு, பிறப்பு, இறப்பு ஆகிய நான்கையும் ஒரே அலுவலகம் எழுதியது. சிமிட்டிஸ் 1970களில் கணினியைப் பார்த்து அஞ்சிய குவிப்பு, ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மைப்புட்டியும் பேரேடும் கொண்டே அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே நடந்து முடிந்திருந்தது.

அதன் விலை 1948க்குப் பின் தெரிந்தது. 1947 பொதுத் தேர்தலில் நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா உள்ளிட்ட ஏழு தொகுதிகளில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் வென்று பாராளுமன்றம் சென்றது. மறுவருடம் வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது. 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து, அதற்குப் பூட்டாக ஆதாரத்தை வைத்தது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இடையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். இதை நிரூபிக்க வேண்டியவர் விண்ணப்பதாரர். அவரிடம் இருந்த காகிதம் எது? தகரத் துண்டும், வரும் வழியில் தங்கவைத்த முகாமின் பதிவும் அவர் வந்ததைச் சொல்லும். கடன் கணக்கு அவர் கட்டுண்டதைச் சொல்லும். இங்கேயே வாழ்ந்தார் என்று சொல்லக்கூடிய செக்ரோல், நிர்வாகத்தின் அலுமாரியில் இருந்தது. வரவையும் கடனையும் எழுதுவதற்காக உருவான ஏடுகளிடம் போய், வாழ்வின் தொடர்ச்சிக்குச் சாட்சி சொல் என்று சட்டம் கேட்டது. ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய விவரத்தை இன்னொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற இன்றைய விதி ஏன் தேவை என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை.

நீதிமன்றத்திலும் இதே கதைதான். வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கோரிய கொடக்கன் பிள்ளை என்பவரின் வழக்கில், திருத்தும் அதிகாரி சிவஞானசுந்தரம் அவருக்குச் சார்பாக முடிவெடுத்தார். புதிய பிரஜாவுரிமைச் சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தந்த சிறுபான்மைக் காப்பை மீறுகிறது என்பது அவர் கண்ட முடிவு. உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கம் அவர்களுடைய பிரஜாவுரிமைத் தகுதியோடு நேரடித் தொடர்புடையது, அதில் இனப் பாகுபாடு இல்லை என்று அங்கே தீர்ந்தது. அந்த ‘இடம்பெயரும் வழக்கம்’ எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஆட்கள் எப்போது ஏறினார்கள், எப்போது இறங்கினார்கள் என்று எழுதுவதில் அக்கறை காட்டிய ஓர் ஆட்சி, ஒரே லயத்தில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்ததை எழுதுவதில் அந்த அக்கறையைக் காட்டவில்லை. எழுதப்பட்டது மட்டும் உண்மையாக நின்றது. ஒரு கூட்டத்தைப் பற்றித் தீட்டிய பொதுச் சித்திரம், அதற்குப் பொருந்தாத ஒவ்வொரு தனி ஆளின் மீதும் பூசப்பட்டது. இன்று கணினி நிரல்கள் ஆட்களை வகைப்படுத்தி முடிவெடுக்கும்போது சட்ட அறிஞர்கள் எழுப்பும் ஆட்சேபமும் இதுவேயன்றி வேறில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 1948இல் நடந்தது அரசியல். ஏழு ஆசனங்களும் தோட்ட வாக்குகளில் சாய்ந்த இடதுசாரி ஆசனங்களும் ஆட்சியாளரை உறுத்தின. அச்சு அசலாக ஆவணம் வைத்திருந்தாலும் கதவைச் சாத்தியே இருப்பார்கள். காகிதத்தின் மீது பழி போடுவது அரசியல்வாதியைத் தப்ப விடுவதாகும் என்பது அந்த மறுப்பு. நோக்கம் அரசியல் என்பதை மறுக்க முடியாது. 1949 சட்டத்தைக் காங்கிரஸ் முதலில் புறக்கணித்ததும், 1951 ஆகஸ்ட் 5 என்ற கடைசித் திகதி நெருங்கியபோது விண்ணப்பங்கள் அலைமோதியதும் கணக்கில் சேர வேண்டியவை. ஆனால் அரசியல் நோக்கம் வெட்டவெளியில் செயற்படுவதில்லை. அதற்கு ஒரு கருவி தேவை. சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 134,000 பேர். ‘இந்தியர் எவரும் வேண்டாம்’ என்று சட்டத்தில் எழுதியிருந்தால் 29ஆம் பிரிவில் தடுக்கி விழுந்திருக்கும். ‘ஆதாரம் காட்டினால் தரலாம்’ என்று எழுதியதால் நீதிமன்றத்தைத் தாண்டியது. அந்தக் கருவியின் பலம் எவ்வளவு என்பதை 2003 மறுபக்கத்திலிருந்து காட்டியது. அவ்வருடம் பாராளுமன்றம் நிறைவேற்றிய 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் சட்டத்தின் பலத்தாலேயே பிரஜாவுரிமை தந்தது. ஏழாண்டு, பத்தாண்டு என்று விசாரித்துத் தேறவைக்கும் பாரம் நீங்கியதும், ஐ.நா. அகதிகள் ஆணையமும் தொழிற்சங்கமும் துணைநிற்க, பத்தே நாட்களில் சுமார் 190,000 பேர் பதிவானார்கள். அரை நூற்றாண்டு அடைபட்டுக் கிடந்தது அவ்வளவு விரைவில் திறந்ததென்றால், நிரூபணத்தின் பாரம் யார் தோளில் என்பது சிறிய விடயமாக இருந்திருக்க முடியாது.

இன்னொரு மறுப்பு காலம் பற்றியது. கணினிக் காலத்துச் சட்டத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பேரேட்டுக் காலத்தை அளப்பது நியாயமா? சிமிட்டிஸின் துறையே இதற்குப் பதில் தருகிறது. ஜேர்மனியின் தொழிலக அமைப்புச் சட்டம் 1972இலேயே, ஒவ்வொரு தொழிலாளியும் தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் கோப்பைப் பார்க்கலாம், தன் விளக்கத்தை அதில் சேர்க்கச் சொல்லலாம் என்றது. அது காகிதக் கோப்பைப் பற்றிய விதி. தொழிற்சங்கப் போராட்டத்தின் விளைவு. தரவைப் பார்க்கும் உரிமைக்கும் திருத்தும் உரிமைக்கும் கணினி தாயல்ல. தற்செயலாக அதே 1972இல் இலங்கை தேசிய அடையாள அட்டையை வழங்கத் தொடங்கியது. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வந்த அந்த அட்டையின் ஒன்பது இலக்கங்களுக்குப் பின்னால் ஓர் எழுத்து இருந்தது: வாக்குரிமை உள்ளவருக்கு ‘வீ’, இல்லாதவருக்கு ‘எக்ஸ்’. ஒரு மனிதரின் அரசியல் நிலையை அவர் சட்டைப்பையில் வைத்துத் திரியும் இலக்கத்திலேயே பொறித்துவிட்டார்கள். சோதனைச் சாவடியோ வங்கியோ, அட்டையை நீட்டிய இடமெல்லாம் அது தெரிந்தது. 2016இல் பன்னிரண்டு இலக்க அட்டை வந்தபோதுதான் அந்த எழுத்து மறைந்தது. ஜேர்மனியில் 1983இல் குடிசனக் கணக்கெடுப்பை எதிர்த்து மக்கள் கிளர்ந்தபோது, தன்னைப் பற்றிய தகவலைத் தானே தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணக்கெடுப்புக்காகச் சொன்ன பதிலை வைத்து உள்ளூர் ஆட்பதிவேட்டைத் திருத்துவதையும் தடுத்தது. இங்கே அத்தகைய கேள்வியைக் கேட்க வேண்டியவர்களிடம் வாக்கே இருக்கவில்லை.

இப்போது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வருவோம். தகவல் தொழில்நுட்ப முகவரகத்தின் சட்ட ஆலோசகராக இருந்த ஜயந்த பெர்னாண்டோ வழிநடத்திய வரைவுக் குழுவின் உழைப்பு அது. இந்தியாவின் சட்டம் 2023இல்தான் வந்தது. நோக்க வரையறை, துல்லியம், தேவைக்கு மேல் திரட்டாமை போன்ற கடமைகளை இலங்கைச் சட்டம் தரவு வைத்திருப்பவர் மீது சுமத்துகிறது. பார்க்க, திருத்த, அழிக்கக் கேட்கும் உரிமைகளையும், இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையையும் தருகிறது. இன அடையாளம், உடல்நலம், கைரேகை போன்றவற்றுக்குக் கூடுதல் காவல் உண்டு. முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டிய 2025 மார்ச் தள்ளிப்போனது. அவ்வருடமே சட்டம் திருத்தப்பட்டது. மலையகத்துக்கு இதில் ஒரு தனிப் பயன் உண்டு. 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டம் முதன்மையாக அரச நிறுவனங்களின் கதவைத்தான் தட்டும். தோட்டங்களோ 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் பெரும்பாலும் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமையில் இருக்கின்றன. கம்பனி அலுவலகத்தில் உள்ள ஏட்டை எட்டிப் பிடிக்கக்கூடிய சட்டம் தரவுப் பாதுகாப்புச் சட்டமே.

கூலி உயர்வும் காணியும் வீடும் கிடைக்காத மக்களிடம் தரவு உரிமை பேசுவது, பசித்தவனிடம் இலையின் அழகைப் பேசுவது போலாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் கூலியும் ஒரு பதிவுதான். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது தொழிலாளர் தரப்பின் கவலை, நாளைக்கு எத்தனை கிலோ எடுத்தால் முழுப் பேர், மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதற்கு நகர்ந்தது. இரண்டும் ஏட்டில் தீர்மானமாகிறவை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் ஈரத்துக்கும் கூடைக்கும் கழிப்பது எவ்வளவு என்பது நெடுநாள் வழக்கு. தராசு மின்னணுவாக மாறினாலும் கழிவை நிர்ணயிப்பவர் மாறுவதில்லை. ஊழியர் சேமலாப நிதியைப் பெறப் போகும் முதியவருக்கு, செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டு என்பதே தடையாகிறது. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கேட்டபடி எழுதியவர் வேறு ஒருவர். அலைந்து திரிபவர் இவர். திருத்தும் உரிமை இவருக்குச் சோற்றோடு சம்பந்தப்பட்டது.

கடைசி மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது, நான்கிலும் கனமானதும் அதுதான். இந்தச் சட்டம் பலசாலியின் கேடயமாகிவிடாதா? செக்ரோலைக் காட்டு என்று சங்கம் கேட்டால், அது மற்றத் தொழிலாளரின் தனிப்பட்ட தரவு என்று நிர்வாகம் கைவிரிக்கலாம். அந்த ஆபத்து உண்மையானது. சட்டத்தைத் தனிமனித அந்தரங்கத்தின் சட்டமாக மட்டும் வாசித்தால் அந்தப் பதில் சரியாகவும் தோன்றும். அதனால்தான் சிமிட்டிஸ் தேவைப்படுகிறார். ஐரோப்பாவில் தொழிலாளர் தரவை அவர் எப்போதும் தொழிலாளர் பிரதிநிதித்துவத்தோடு சேர்த்தே பேசினார். சர்வதேச தொழில் தாபனம் 1996இல் வகுத்த நடத்தைக் கோவையும், தொழிலாளர் தம் அந்தரங்க உரிமைகளை விட்டுக்கொடுக்க முடியாது என்றும், தரவு கையாளும் முறை பற்றி அவர்களின் பிரதிநிதிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இலங்கைச் சட்டத்தில் தொழில் உறவுக்கென்று தனி அத்தியாயம் இல்லை. உரிமையைத் தனியாள் எழுத்தில் கோர வேண்டும். பதிலும் எழுத்தில் வரும். பல லயங்களுக்குத் தனி முகவரி இல்லாத நிலையில் அந்தப் பதில் தோட்ட அலுவலகத்தின் வழியாகத்தான் வந்து சேரும். அடையாள அட்டை விண்ணப்பத்தையும் பெரும்பாலும் தோட்ட அத்தியட்சகரே உறுதிப்படுத்துகிறார். ஏடு வைத்திருப்பவரிடமே ஏட்டைப் பற்றிய முறைப்பாடும் போய்ச் சேரும் அமைப்பில், காகிதத்தில் உள்ள உரிமை காகிதத்திலேயே தங்கிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. சட்டம், எழுத்தில் அதிகாரம் பெற்ற ஒருவர் மற்றவருக்காகக் கோரிக்கை வைக்க இடம் தருகிறது. சங்கங்கள் சந்தாவுக்குக் கையொப்பம் வாங்குவதுபோல இதற்கும் வாங்கி, ஒரு டிவிசன் முழுவதற்கும் சேர்த்துச் செக்ரோல் பிரதி கேட்கலாம். பெருந்தோட்டத் துறைக்கென்று தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை தனி வழிகாட்டல் வகுக்கலாம்: பதிவு தமிழில் படிக்கக் கிடைக்க வேண்டும், நிறுவைக் கழிவு பதிவில் தெரிய வேண்டும், கம்பனி கைமாறும்போது பழைய ஏடுகளைப் பேணும் பொறுப்பு யாருக்கென்று தீர வேண்டும். இந்தியாவின் நிதியுதவியோடு 2022இல் உடன்படிக்கையான எண்ணியல் அடையாளத் திட்டம் தோட்டங்களை எட்டும் முன் இவை நடக்க வேண்டும். ஏனெனில் புதிய அடையாளம் பழைய ஏடுகளிலிருந்தே விவரத்தை எடுத்துக்கொள்ளும்; செக்ரோலில் தவறிய எழுத்து அதன்பின் வங்கியிலும் வைத்தியசாலையிலும் ஒரே நேரத்தில் தவறும். 1949இல் மலையகத்தார் இழந்ததை ஒரு தரவுச் சட்டம் மீட்டுத் தந்திருக்கும் என்று இந்தப் பகுதி சொல்லவில்லை. ஏடு வைத்திருப்பவரே நிரூபிக்கட்டும், ஏட்டில் உள்ளவர் கேட்கட்டும் என்ற ஒரு விதி அன்று இருந்திருந்தால், 825,000 பேரில் பெரும்பாலோரை வாசலில் நிறுத்தியவர்கள் அதற்கான காரணத்தைத் தம் வாயால் சொல்ல வேண்டி வந்திருக்கும். அந்த விதி இப்போது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதைத் தோட்டத்து மொழியில் கேட்கப் பழகுவதே மீதமுள்ள வேலை.

(அடுத்த பகுதி: தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழ்)